யாருக்குத் திறக்கிறது உங்கள் டிரைவ்?

கூகுள் டிரைவில் ஃபைல் பகிர்வது, அனுமதி கொடுப்பது, கொடுத்ததைத் திரும்ப வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் 48 வீடுகள். மெயின்டனன்ஸ் கணக்கை கூகுள் ஷீட்டில் எழுதி, எல்லோரும் பார்க்கட்டும் என்று லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். போன வாரம் திறந்தால் மார்ச் மாத வரவுப் பத்தி முழுக்க காலி. பழைய எண்கள் கிடைக்குமா? யார் அழித்தார்கள் என்று தெரியுமா?
– சங்கப் பொருளாளர், சென்னை

எண்கள் கிடைக்கும், பயப்படாதீர்கள். ஷீட்டைக் கணினியில் திறந்து 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி', அதற்குள் 'சீ வெர்ஷன் ஹிஸ்டரி' போங்கள். வலது ஓரத்தில் தேதி, நேரம் வாரியாகப் பழைய வடிவங்கள் வரிசையாக இருக்கும். மார்ச் எண்கள் இருந்த கடைசி வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே 'ரீஸ்டோர்' பட்டனை உடனே அழுத்த வேண்டாம். அது ஷீட் முழுவதையும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோய்விடும்; அதற்குப் பிறகு நீங்கள் ஏற்றிய ஏப்ரல் வரவும் சேர்ந்தே போகும். அந்த வடிவத்தின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கி 'மேக் எ காப்பி' எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகலிலிருந்து மார்ச் பத்தியை மட்டும் இப்போதைய ஷீட்டில் ஒட்டினால் போதும். ஒரே ஒரு கட்டத்தில்தான் சந்தேகம் என்றால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். முன்பு என்ன எண் இருந்தது என்று அங்கேயே காட்டும்.

யார் என்பது தெரிவது கடினம். மெயில் முகவரி கொடுத்துச் சேர்க்காமல் வெறும் லிங்க் வழியாக வந்தவர்கள் பெயரில்லாதவர்களாகத்தான் பதிவாவார்கள். யாரையும் சந்தேகப்பட்டு குரூப்பில் எழுதிவிடாதீர்கள். போனில் ஷீட்டைப் பார்க்கும்போது கட்டத்தைத் தொட்டு, கை தவறி அழித்துவிடுவது சாதாரணமாக நடப்பது. ஷீட்டில் 'சேவ்' என்று தனியாக எதுவும் இல்லை. அழிந்த நொடியே அது எல்லோருக்கும் அழிந்ததுதான்.

தவறு நடந்த இடம், லிங்க் கொடுக்கும்போது 'எடிட்டர்' என்று விட்டது. 'ஷேர்' பட்டனை அழுத்தி, கீழே 'ஜெனரல் ஆக்சஸ்' பகுதியில் 'எடிட்டர்' என்பதை 'வியூவர்' ஆக்குங்கள். லிங்க் மாறாது, குரூப்பில் போட்டதே இனி பார்க்க மட்டும் திறக்கும். உங்களையும் செயலாளரையும் போல எழுத வேண்டியவர்களை மட்டும் மெயில் முகவரியால் 'எடிட்டர்' ஆகச் சேருங்கள். அதே பெட்டியின் மேல் மூலையில் பல்சக்கரக் குறி இருக்கும். அதைத் திறந்து, எடிட்டர்கள் அனுமதியை மாற்றலாம், பிறருக்குப் பகிரலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சேர்த்தவர் இன்னும் நாலு பேரைச் சேர்க்க முடியும்.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். குடியிருப்பவர்களின் போன் எண், யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் அதே ஷீட்டில் இன்னொரு தாளில் 'ஹைட்' செய்து வைத்திருக்கிறீர்களா? பல சங்கங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. மறைத்த தாள் பூட்டிய தாள் அல்ல. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கூட 'மேக் எ காப்பி' போட்டால், தன் நகலில் அந்தத் தாளை வெளியே எடுத்துவிடலாம். 'ப்ரொடெக்ட் ஷீட்' என்பதும் திருத்துவதைத்தான் தடுக்கும், பார்ப்பதை அல்ல. அந்தத் தாளை இன்றே தனி ஃபைலாக எடுத்துவிடுங்கள். இந்த ஷீட்டில் வெறுமனே நீக்குவது போதாது: எழுத அனுமதி உள்ளவர்கள் பழைய வடிவத்தில் அதைப் பார்க்க முடியும்.

பனியன் யூனிட் நடத்துகிறேன். ஜிஎஸ்டி பில்களுக்காக ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தேன். பிறகு அதற்குள்ளேயே 'சம்பளம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்தேன். அதை நான் யாருக்கும் ஷேர் செய்யவே இல்லை. ஆனாலும் அவர்கள் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். எப்படி?
– ஒரு வாசகர், திருப்பூர்

டிரைவில் அனுமதி மேலிருந்து கீழே இறங்கும். வெளி ஃபோல்டரை யாருக்குக் கொடுத்தீர்களோ, உள்ளே இருப்பதும், நாளைக்கு உள்ளே போடப்போவதும் அவருக்குக் கொடுத்ததாகவே கணக்கு. வேறு இடத்தில் பத்திரமாக இருந்த ஃபைலை இழுத்து அந்த ஃபோல்டரில் போட்டாலும் அப்படித்தான். வெளியே எடுத்தால், ஃபோல்டர் வழியாக வந்த அனுமதி விலகிவிடும்.

அதனால் 'சம்பளம்' ஃபோல்டரை அங்கிருந்து எடுத்து, ஆடிட்டர் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். எடுத்த பிறகு அதன் 'ஷேர்' பெட்டியைத் திறந்து, உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, கீழே 'ரெஸ்ட்ரிக்டட்' (சேர்த்தவர்களுக்கு மட்டும் திறக்கும்) என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அவர்கள் ஏற்கெனவே டவுன்லோட் செய்திருந்தால் அந்தப் பிரதி அவர்களிடமே இருக்கும். அதை நேரில்தான் பேச வேண்டும்.

ஆடிட்டருக்கு இரண்டு ஃபோல்டர் போடுவது நல்லது. நீங்கள் பில் போடும் ஃபோல்டரில் அவர்கள் 'வியூவர்'. அவர்கள் ரிட்டர்ன் நகல், சலான் போடும் ஃபோல்டரில் 'எடிட்டர்'. எல்லாவற்றுக்கும் எடிட்டர் கொடுத்தால் உங்கள் பில்லை அவர்கள் ஃபோல்டரிலிருந்தே நீக்க முடியும். அலுவலகத்துக்கு ஒரே பொது மெயில் என்று இல்லாமல், வேலை பார்க்கும் ஆளின் மெயிலைக் கேட்டு வாங்கிச் சேருங்கள். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போனதும் நீக்க வசதி. அவருக்கு எதையெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்பது மறந்துபோனால், கணினியில் டிரைவின் தேடல் பெட்டியோரம் உள்ள வடிகட்டிக் குறியைத் திறந்து, 'ஷேர்ட் டு' என்ற இடத்தில் அவர் மெயிலைப் போடுங்கள். பட்டியல் வந்துவிடும்.

வாடகை வீட்டுக்காக ஆதார், பான் நகலை லிங்க்காக புரோக்கருக்கு அனுப்பினேன். டவுன்லோட் செய்ய முடியாதபடி தடுத்துவிட்டேன். அது போதும்தானே?
– ஒரு வாசகி, கோவை

போதாது. அந்தத் தடை டவுன்லோட், பிரின்ட், காப்பி வசதிகளைத்தான் எடுக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை அதனால் தடுக்க முடியாது. அதைவிடப் பெரிய ஓட்டை, 'எனிஒன் வித் த லிங்க்' என்று அனுப்பியது. அந்த லிங்க்கை அவர் யாருக்கு அனுப்பினாலும் கூகுள் கணக்குகூட இல்லாமல் திறக்கும். இப்போதே 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள், பழைய லிங்க் அந்த நிமிடமே மூடிவிடும். அடுத்த முறை ஆதாரின் மறைக்கப்பட்ட வடிவத்தை, அதாவது 'மாஸ்க்டு ஆதார்' நகலை, ஆதார் வழங்கும் ஆணையமான யூஐடிஏஐ தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். அதில் 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டுமே தெரியும்.

லிங்க்கைத் தொட்டால் 'யூ நீட் ஆக்சஸ்' என்றே வருகிறது. அனுப்பியவரோ கொடுத்தாகிவிட்டது என்கிறார்.
– கல்லூரி மாணவி, திருச்சி

உங்கள் போனில் இரண்டு ஜிமெயில் கணக்கு இருக்கும். அவர் ஒன்றுக்குக் கொடுத்திருப்பார், நீங்கள் மற்றொன்றில் திறக்கிறீர்கள். டிரைவ் ஆப்பின் மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கணக்கை மாற்றித் திறந்து பாருங்கள். அதற்கு முன்பே 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்' அழுத்தினால், எந்தக் கணக்கில் இருக்கிறீர்களோ அதன் பெயரில்தான் கோரிக்கை போகும், குழப்பம் கூடும்.

உறவினர்கள் கல்யாண வீடியோக்களை எனக்கு ஷேர் செய்துகொண்டே இருக்கிறார்கள். என் 15 ஜிபி நிறைந்துவிடுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

நிறையாது. ஃபைல் யாருடையதோ அவர் இடம்தான் குறையும். நீங்கள் 'மேக் எ காப்பி' எடுத்தால் மட்டும் அந்த நகல் உங்கள் கணக்கில் ஏறும். அந்த 15 ஜிபி டிரைவுக்கு மட்டுமானதல்ல, ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்து. காப்பி எடுக்காததற்கு இன்னொரு பக்கமும் உண்டு: உரிமையாளர் அழித்தால் உங்களுக்கும் போய்விடும். தவறவிடக் கூடாத வீடியோவை மட்டும் தனியாக இறக்கி வையுங்கள்.

தனியார் கல்லூரியில் பேராசிரியர். மே மாதம் ஓய்வு. 11 ஆண்டுப் பாடக் குறிப்பு, வினாத்தாள் எல்லாம் கல்லூரி கொடுத்த மெயிலின் டிரைவில் இருக்கின்றன. என் சொந்த ஜிமெயிலுக்கு எடிட்டர் அனுமதி கொடுத்துவிட்டேன். இனி கவலையில்லைதானே?
– ஒரு வாசகர், மதுரை

கவலைப்பட வேண்டிய இடமே இதுதான். எடிட்டர் என்பது நுழைய அனுமதி மட்டும். ஃபைலின் உரிமை இன்னும் கல்லூரிக் கணக்கிடம்தான் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் அந்தக் கணக்கை நீக்கினால், வேறு பெயருக்கு மாற்றி வைக்காத ஃபைல்கள் உங்களுக்கும் மறைந்துவிடும். கல்லூரிக் கணக்கிலிருந்து வெளியே உள்ள ஜிமெயிலுக்கு உரிமையை மாற்றவும் கூகுள் விடுவதில்லை. ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்குத்தான் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' நடக்கும்; அதிலும் எதிரில் உள்ளவர் ஏற்றுக்கொண்டால்தான் மாறும், ஃபோல்டரை மாற்றினால் உள்ளே உள்ள ஃபைல்கள் மாறாது.

உங்களுக்கு வழி, நகல் எடுப்பதுதான். கல்விக் கணக்குகளுக்கென்றே கூகுள் 'டிரான்ஸ்ஃபர் யுவர் கன்டென்ட்' என்ற வசதி வைத்திருக்கிறது. டிரைவையும் மெயிலையும் சொந்த ஜிமெயிலுக்கு நகலெடுத்துத் தரும். கல்லூரி நிர்வாகி அதைத் திறந்துவிட்டிருக்க வேண்டும், ஆகவே சிஸ்டம் பிரிவில் இப்போதே கேளுங்கள். உங்களுக்குச் சொந்தமான ஃபைல்கள்தான் வரும். சக ஆசிரியர் உங்களுக்கு ஷேர் செய்தவை வராது. அவற்றை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கும் ஷேர் செய்யச் சொல்லி, அந்தக் கணக்கின் டிரைவில் திறந்து ஒவ்வொன்றாக 'மேக் எ காப்பி' போடுங்கள். அந்த வசதி மூடியிருந்தால் 'கூகுள் டேக்அவுட்' மூலம் ஜிப் ஃபைலாக இறக்கலாம். டாக்ஸ் எல்லாம் வேர்ட் வடிவில் வரும். தமிழில் தட்டிய குறிப்புகளில் அட்டவணையும் பக்க அமைப்பும் சரியாக வந்திருக்கின்றனவா என்று நாலைந்தைத் திறந்து பாருங்கள். நகலில் பழைய திருத்த வரலாறு வராது. மாணவர் மதிப்பெண், விடைத்தாள் போன்றவை கல்லூரியின் ஆவணங்கள். அவற்றை எடுத்துச் செல்லாமல், துறையில் அடுத்து வருபவர் பெயருக்கு உரிமையை மாற்றிக் கொடுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் அது நடக்கும்.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். நகல் போய்ச் சேர நேரம் எடுக்கும், சேர்ந்த பிறகு சரிபார்க்க அதைவிட நேரம் எடுக்கும். ஒருவேளை கணக்கை முன்கூட்டியே நீக்கிவிட்டால் உடனே நிர்வாகியிடம் சொல்லுங்கள்: நீக்கிய 20 நாளுக்குள் அவரால் அதை மீட்க முடியும். ஜிமெயிலுக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கணக்கிலும் அவ்வப்போது நுழையுங்கள். 2 ஆண்டு தொடாத கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து கூகுள் நீக்கலாம்.