பழைய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்: விற்றவருக்குத் தெரிந்திருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது?

கேள்வி: அமெரிக்காவில் 1988-இல் கட்டப்பட்ட ஒரு வீட்டைச் சென்ற ஆண்டு வாங்கினோம். குழாய்களில் குறை எதுவும் தமக்குத் தெரியாது என்று விற்றவர், வீட்டின் குறைகளைத் தெரிவிக்கும் வெளிப்படுத்தல் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அண்மையில் மாடிக் குளியலறைச் சுவருக்குள் குழாய் வெடித்து, கீழ்க்கூடத்தின் உட்கூரை இடிந்து விழுந்தது. வீடு முழுவதும் இருப்பது பாலிபியூட்டிலீன் என்ற வகைப் பிளாஸ்டிக் குழாய் என்றும், மொத்தமாக மாற்றுவதே வழி என்றும் பிளம்பர் சொல்கிறார். இந்தச் செலவை யாரிடம் கேட்கலாம்?

பதில்: வேறு எதற்கும் முன்பாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பிளம்பர் கழற்றும் குழாயில் ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போக வேண்டாம். வெடித்த பகுதி, அதன் இருபுறமும் உள்ள இணைப்புகள், முன்பு யாரோ பழுதுபார்த்ததாகத் தோன்றும் இடங்கள் ஆகியவற்றைச் சுவரில் இருக்கும்போதே படமெடுத்து, பிறகு வெட்டி எடுத்து, எந்த அறையில் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தக் குழாய்தான்.

குழாய் தயாரிப்பாளர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சாம்பல் நிறமும் வளையும் தன்மையும் கொண்ட இக்குழாய்கள் ஏறத்தாழ 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் பெருமளவில் பொருத்தப்பட்டன. குடிநீரில் கலக்கும் குளோரின் குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே அரித்து, மயிரிழை போன்ற விரிசல்களை உண்டாக்குகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும். இதற்காகத் தொடரப்பட்ட கூட்டு வழக்கில், ஷெல் உள்ளிட்ட நிறுவனங்கள் 95 கோடி டாலர் ஒதுக்கச் சம்மதித்த உடன்பாட்டை டென்னசி மாநில நீதிமன்றம் ஒன்று 1995-இல் ஏற்றது. அந்த நிதியில் உரிமை கோருவதற்கான காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தக் கதவைத் தட்டிப் பணத்தையும் நாளையும் வீணாக்க வேண்டாம்.

இனி விற்றவர். வீட்டில் பாலிபியூட்டிலீன் குழாய் இருந்தது என்பது மட்டுமே அவர்மீது வழக்காகிவிடாது. அந்தக் குழாயில் குறை இருப்பது அவருக்கு முன்பே தெரியும், அது வீட்டின் மதிப்பைப் பாதிக்கும் செய்தி, நீங்கள் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது, அவர் சொன்னதை நம்பியே வாங்கினீர்கள் என்பவற்றை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 1985-இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜான்சன் எதிர் டேவிஸ் வழக்கில், கூரைக் கசிவை அறிந்திருந்தும் வாங்குபவரிடம் சொல்லாத விற்பனையாளர் பொறுப்பாக்கப்பட்டார். குறைகளைக் கண்டறியும் பொறுப்பை வாங்குபவர்மீதே இன்னும் வைத்திருக்கும் மாநிலங்கள் சில உண்டு; அங்கும்கூட, கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் தந்தவரைச் சட்டம் எளிதில் விட்டுவிடுவதில்லை. உங்களிடம் எழுத்துப்பூர்வமான பதில் இருக்கிறது என்பது பெரிய பலம். ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன்’ என்ற வாசகம் இருந்தாலும், பொதுவாக அது மோசடிக்குக் கேடயமாகாது.

அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை எங்கே தேடுவது? சுவரைத் திறக்கும்போது சாம்பல் நிறக் குழாயின் நடுவே சிவப்பிலோ நீலத்திலோ புதிய குழாய்த் துண்டு ஒட்டுப்போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உட்கூரையில் ஒரு சதுரம் மட்டும் புதிதாகப் பூசப்பட்டிருப்பதும், அதன் மேல்பக்கத்தில் பழைய நீர்க்கறை இருப்பதும் பல பக்க வாக்குமூலத்தைவிட அதிகம் பேசும். நகரக் கட்டட அலுவலகத்தில் அந்த முகவரிக்கான பழைய அனுமதிப் பதிவுகளைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் விசாரிக்கலாம். வழக்கு தொடங்கிய பின், விற்றவர் முன்பு நீர்ச்சேதத்துக்காகக் காப்பீட்டுத் தொகை பெற்றாரா என்பதைக் காட்டும் பதிவுகளை நீதிமன்ற அழைப்பாணை மூலம் வரவழைக்க முடியும். அப்படி ஒரு தாள் கிடைத்துவிட்டால், தெரியாது என்ற அவரது பதில் நிற்பது கடினம்.

வாங்கும் முன் வீட்டைச் சோதித்த ஆய்வாளரின் அறிக்கையை மறுபடி படியுங்கள். வெந்நீர்க் கலனுக்கு அருகிலும் பிரதான வால்விலும் வெளியே தெரியும் குழாயை அவர் என்னவென்று குறித்திருக்கிறார்? பாலிபியூட்டிலீன் என்றே எழுதியிருந்தால், விற்றவர்மீதான உங்கள் வாதமும் பலவீனமாகிவிடும்; இதை மறைத்து வைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆய்வாளர் குறிக்கத் தவறியிருந்தால் அது அவரது கவனக்குறைவு என்று வாதாடலாம். ஆயினும் இத்தகைய ஒப்பந்தங்கள் பல, இழப்பீட்டை ஆய்வுக் கட்டண அளவோடு நிறுத்துகின்றன. அந்த வரம்பு செல்லுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்னும் தகவல் தரவில்லை என்றால் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு, திடீரென வெளியேறிய நீரால் கூரைக்கும் தரைக்கும் ஏற்பட்ட சேதத்தையும், பெரும்பாலும் குழாயை அணுகச் சுவரை உடைக்கும் செலவையும் ஏற்கும். தேய்ந்துபோன குழாயின் விலையை ஏற்காது. வாரக்கணக்கில் மெல்லக் கசிந்த நீர் என்று சொல்லி மறுக்க நிறுவனம் முயலலாம் என்பதால், வெடித்த நாளின் படங்களும் பிளம்பரின் எழுத்துப்பூர்வமான கருத்தும் உங்களிடம் இருக்க வேண்டும். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை. அதற்கான ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

குழாய்களை மாற்றுவதை வழக்கு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம். அடுத்த வெடிப்பில் வரும் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்துவிடுவீர்கள். வேலையைத் தொடங்கும் முன், சுவர்கள் திறந்திருக்கும் காலத்தைக் குறிப்பிட்டு, வந்து பார்வையிடலாம் என்று விற்றவருக்கும் ஆய்வாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஆதாரத்தை அழித்துவிட்டீர்கள் என்று பின்னர் யாரும் சொல்ல முடியாது.

வீடு எந்த மாநிலத்தில் உள்ளது என்று நீங்கள் எழுதவில்லை. வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு அதைப் பொறுத்தது. மோசடி வழக்கில் பல மாநிலங்கள் அந்த வரம்பை, மோசடியை நீங்கள் அறிந்த அல்லது அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கிடுகின்றன. விற்பனை ஒப்பந்தத்தில் சமரசப் பேச்சோ நடுவர் தீர்ப்போ கட்டாயமாக்கப்பட்டிருந்தால், அதைத் தாண்டி நேரே நீதிமன்றம் போவது உங்களுக்கே பாதகமாகலாம். ஆகவே ஒப்பந்தம், வெளிப்படுத்தல் படிவம், ஆய்வறிக்கை, காப்பீட்டுப் பத்திரம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த மாதத்துக்குள் உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.