ஸ்கேனரில் 400 சிவப்பு: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: பல்கலைக்கழகத் துறை ஒன்றின் கணினிகளை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். கணினிகளில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரை ஓட்டியதில் 400க்கு மேல் சிவப்பில் ‘கிரிட்டிக்கல்’ (மிக ஆபத்தானது) என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் 48 மணி நேரத்தில் பேட்ச் செய்யச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட் போடச்) சொல்கிறார் மேலதிகாரி. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஐடி பிரிவில் 2014 முதல் இதே வேலைதான் பார்க்கிறேன். முதலில் அந்த 400ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே பழைய ஜாவா 60 கணினிகளில் இருந்தால் ஸ்கேனர் அதை 60 சிவப்பாகத்தான் எண்ணும். எங்கள் முதல் அறிக்கையைப் பார்த்தபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் எக்செல்லில் போட்டு மென்பொருள் வாரியாகச் சேர்த்துப் பார்த்தால் மொத்தமே 19 வேலைதான். அதில் ஐந்து, யாரும் தொடாத பழைய பிரவுசரை அழித்தாலே தீர்ந்துவிடும்.

அடுத்தது அந்த மதிப்பெண். சிவிஎஸ்எஸ் என்று 10க்கு 9.8, 7.5 என்றெல்லாம் வருகிறதே, அது ஓட்டை எவ்வளவு பெரியது என்று சொல்லும். அந்த ஓட்டை உங்கள் வீட்டில் வாசல் பக்கம் இருக்கிறதா, பூட்டிய அறைக்குள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2014 ஏப்ரலில், ஹார்ட்பிளீட் வந்தது. சர்வர் நினைவகத்திலிருந்து கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் கசிந்து வெளியே போகக்கூடிய ஓட்டை. உலகமே ராத்திரி தூங்காமல் சரிசெய்த அதற்கு அன்றைய கணக்குப்படி கிடைத்த மதிப்பெண் 5.0. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ‘மீடியம்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிவைத்திருப்போம்.

அதனால் நான் மதிப்பெண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, இந்தக் கணினியை யார் தொட முடியும் என்பது. இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாமா, விபிஎன் போட்டால்தான் வர முடியுமா, லேப் கதவைத் திறந்து நேரில் போனால்தான் உண்டா? இரண்டாவது, இந்த ஓட்டையை இப்போது யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களா? இதற்கு அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உண்மையிலேயே தாக்குதலில் பயன்பட்ட ஓட்டைகள் மட்டும்தான் அதில் ஏறும். ‘கேஇவி’ என்பார்கள். இலவசம். நீங்கள் சேர்த்தெடுத்த பட்டியலை அதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் பொருந்தும். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் அவற்றில் கை வையுங்கள். இபிஎஸ்எஸ் என்று இன்னொன்று உண்டு. அடுத்த 30 நாளில் ஓர் ஓட்டை தாக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும். மீதியை வரிசைப்படுத்த அது உதவும். அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னது வங்கிக்கும் பொருந்தும், கம்பெனிக்கும் பொருந்தும். பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்கு அப்படியே தலைகீழ். உள்ளே லாகின் செய்தவர் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஓட்டை என்றால் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். நமக்கு உள்ளேதான் ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்களே! முதலாண்டு மாணவர், பரிமாற்ற மாணவர், மூன்று மாதத்துக்கு வந்த ஆய்வாளர், படிப்பை முடித்துப் போய் ஒரு வருடமாகியும் கணக்கு மூடப்படாதவர். இதில் ஒருவருடைய கடவுச்சொல் எங்காவது திருடு போனாலும் போதும். 2020 மே மாதம் ஐரோப்பாவில் நடந்தது அதுதான். பிரிட்டனின் ஆர்ச்சர் உட்படப் பல ஆய்வுச் சூப்பர் கம்ப்யூட்டர்களை மூடிவைக்க வேண்டி வந்தது. திருடிய லாகின் வழியாகத்தான் நுழைந்திருந்தார்கள்.

அதனால் 2021 ஜனவரி கடைசியில் ‘சூடோ’வில் ஓட்டை என்று அறிவிப்பு வந்ததும் எனக்குக் காப்பி இறங்கவில்லை. சூடோ என்பது சாதாரணப் பயனருக்குத் தற்காலிகமாக அட்மின் உரிமை தரும் நிரல், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருப்பது. கிட்டத்தட்ட பத்து வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை. மதிப்பெண் 7.8தான், ‘கிரிட்டிக்கல்’கூடக் கிடையாது. ஆனால் லாகின் உள்ள எவரும் கடவுச்சொல் இல்லாமலே ரூட் ஆகிவிடலாம், அதாவது கணினி முழுவதும் அவர் கையில். எங்கள் கணக்கீட்டு சர்வரில் அன்றைக்கு 600 பேருக்கு மேல் லாகின் இருந்தது. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி, எல்லோரும் விடுமுறைக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்த நேரம்.

அன்றைக்கே பேட்ச் செய்தேன். முடிவு சரி, செய்த விதம்தான் தப்பு. சூடோவை மட்டும் புதுப்பித்திருந்தால் ரீபூட்டே தேவையில்லை. நான் பதற்றத்தில் மொத்த அப்டேட்டையும் ஓட்டினேன். அதில் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் புதிதாக வந்தது, அதற்கு ரீபூட் வேண்டும். வந்தது வந்துவிட்டது, அதையும் முடித்துவிடலாம் என்று மாலை ஆறு மணிக்கு ரீபூட் கொடுத்தேன். ஐந்து மணிக்கே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன் என்று மனசாட்சியிடம் சாக்கு வேறு.

மறுநாள் காலை ஒரு பிஎச்டி மாணவர் என் மேசைக்கு வந்து நின்றார். திருச்சிப் பக்கத்துப் பையன், மெட்டீரியல்ஸ் துறை.

“அண்ணே, என் கணக்கீடு ஒன்பது நாள் ஓடிச்சுண்ணே. இன்னும் ரெண்டு நாள்தான் பாக்கி.”

“செக்பாயிண்ட் வெக்கலையாப்பா?” பாதியில் நின்றால் அங்கிருந்தே தொடர, அவ்வப்போது சேமித்துவைப்பதைத்தான் கேட்டேன்.

“வெச்சேன்ணே. டெம்ப் ஃபோல்டர்ல வெச்சேன். ரீபூட்ல அதுவும் போயிடுச்சு.”

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கத்தவில்லை, “சரிண்ணே, மறுபடி போடறேன்” என்று போய்விட்டார். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து எந்த பேட்ச் வந்தாலும் முதலில் இரண்டு விஷயம் பார்த்துவிடுகிறேன்: இதற்கு ரீபூட் வேண்டுமா, இப்போது அந்த இயந்திரத்தில் யாருடைய வேலை ஓடுகிறது. அவசரமான பாதியை உடனே செய்துவிட்டு ரீபூட் கேட்கும் பாதியை நான்கு நாள் தள்ளிவைக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

பேட்ச் செய்யாமலே ஓட்டையை அடைக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூலையில் விண்டோஸில் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலரில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற ஓட்டை வந்தபோது சரியான பேட்ச் கைக்கு வருமுன்னே ஓட்டை ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பிரிண்டரே இல்லாத சர்வர்களில் ஸ்பூலர் எதற்கு ஓட வேண்டும்? நிறுத்திவிட்டோம். பத்து நிமிட வேலை, அதிலேயே ஆபத்தில் பெரும்பங்கு குறைந்தது. அடுத்த மாத அப்டேட்டில், பிரிண்டர் டிரைவர் போட அட்மின் உரிமை வேண்டும் என்று மைக்ரோசாப்ட் மாற்றியது. புது செமஸ்டர் தொடங்கும் ஆகஸ்ட் மாதம் அது. பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் அட்மின் கடவுச்சொல் கேட்டால் மாணவர் எங்கே வருவார்? உதவி மையத்தில் வரிசை லிஃப்ட் வரை நின்றது.

பேட்ச் செய்யவே முடியாத கணினிகளும் உண்டு. எங்கள் லேப் ஒன்றில் ஒரு நுண்ணோக்கியோடு வந்த விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது. கணினியை மாற்றினால் நுண்ணோக்கியின் மென்பொருள் ஓடாது, புது மென்பொருள் வேண்டுமென்றால் புது நுண்ணோக்கியே வாங்கச் சொல்கிறார்கள். ஸ்கேனரில் அது எப்போதும் ரத்தச் சிவப்பு. ஃபயர்வால் பார்க்கும் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் அதைத் தனி வலைப்பிரிவில் போட்டு, இணையத்தை அடைத்து, படங்களை எடுக்க ஒரே ஒரு சர்வருக்கு மட்டும் வழி விட்டார். யூஎஸ்பி போர்ட்டுகளின் மேல் ஒட்டிய மஞ்சள் டேப்பில் “குத்தாதீர்கள்” என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. தமிழில் எழுதியது நான்தான்.

அக்காவுக்கு அவ்வளவு கறார் எங்கிருந்து வந்தது என்றால், 2017 மே 12. அன்றைக்குத்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஊடுருவல் நடந்திருந்ததாக அரசு அறிவித்தது. குறி, அரசாங்கம் மற்றும் ஆராய்ச்சி சார்ந்த தகவல்கள். அதே நாளில்தான் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான பேட்ச் மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது, கையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. இங்கே தியோங் பாரு பிளாசாவில் கடைகளைக் காட்டும் டிஜிட்டல் பலகையில்கூடப் பணம் கேட்கும் சிவப்புத் திரை வந்து நின்றது. விளம்பரப் பலகையும் ஒரு விண்டோஸ் கணினிதான் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உங்கள் துறை வாசலில் கருத்தரங்க அறிவிப்பு ஓடும் டிவி இருக்கிறதல்லவா, அதன் பின்னால் இருக்கும் பெட்டி உங்கள் பட்டியலில் இருக்கிறதா?

பட்டியல் என்றதும் இன்னொன்று. எனக்கு நேர்ந்த மோசமான சம்பவங்களில் ஒன்றில் ஸ்கேனர் சிவப்பே காட்டவில்லை. ஒரு பேராசிரியரின் மேசைக்கு அடியில், பழைய மாநாட்டுக்காகப் போட்ட வேர்ட்பிரஸ் தளத்தோடு ஒரு கணினி ஓடிக்கொண்டிருந்தது. யார் பட்டியலிலும் அது இல்லை. மாநாடு முடிந்து ஆறு வருடம். கூகுளில் எங்கள் முகவரியைத் தேடியவருக்கு சூதாட்ட விளம்பரம் வந்த பிறகுதான் தெரிந்தது. பேட்ச் செய்யும் அவசரத்தை முடிவு செய்யுமுன் ஒரு நாள் ஒதுக்கி, துறையில் நடந்து போய் மேசைக்கு அடியில் எல்லாம் குனிந்து பாருங்கள். இடுப்பு வலிக்கும், பரவாயில்லை.

வேகமாகப் போவதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் செக்இன் செய்தன. அதனால் எந்த பேட்ச்சும் முதலில் எங்கள் குழுவின் சொந்தக் கணினிகளுக்குத்தான். மைக்ரோசாப்ட் மாதாந்தர பேட்ச் அமெரிக்காவில் இரண்டாவது செவ்வாய் காலை வருகிறது, இங்கே அதற்குள் புதன் விடியற்காலை ஆகிவிடும். புதன் நாங்கள், வெள்ளி ஒரு கணினி லேப், அடுத்த வாரம் மற்றவர்கள். தேர்வு வாரம் என்றால் தேர்வறைக் கணினிகளை, கேஇவி பட்டியலில் இருந்தால் தவிர, தொடுவதில்லை.

இனி உங்கள் மேலதிகாரி. “48 மணி நேரம் முடியாது” என்று போய் நிற்காதீர்கள். ஒரு பக்கத் தாளோடு போங்கள். வெளியிலிருந்து தொடக்கூடியதும் இப்போதே தாக்கப்படுவதும்: 48 மணி நேரம், அவர் சொன்னதேதான். பல பேர் லாகின் செய்யும் சர்வரில் ரூட் ஆக்கும் ஓட்டையும் இதிலேயே வரட்டும். உள்ளே இருப்பவை, தாக்குதல் பற்றிய பேச்சு இல்லாதவை: இரண்டு வாரம். மீதி மாதாந்தரச் சுற்றில். பேட்ச் செய்ய முடியாதவைக்குத் தனிப் பகுதி. அங்கே கணினியின் பெயர், காரணம், அதற்குப் பதிலாக என்ன செய்திருக்கிறோம், எப்போது மறுபடி பார்ப்போம், பக்கத்தில் அந்தக் கணினிக்குச் சொந்தக்காரரான பேராசிரியரின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக் கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு முதல் வருடம் 31 கணினிகளுக்கு “ரீபூட் செய்யவே கூடாது” என்று பதில் வந்தது. கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அனுப்பினோம். 22 பேர் அந்த வாரமே, சனிக்கிழமை காலை வந்து செய்துகொள்ளுங்கள் என்று நேரம் கொடுத்துவிட்டார்கள்.