வாசகர் கேள்வி – பதில்: ஒரு கப்பியை மாற்றியதற்கு இவ்வளவு வேலையா?

கேள்வி: சம்மாந்துறையில் சிறிய பட்டறை ஒன்றில் நெல் தூற்றும் மெஷின் செய்கிறோம். பதர் சரியாகப் பறக்கவில்லை என்று மோட்டார் கப்பியை 4 அங்குலத்திலிருந்து 4½ ஆக்கினோம். பதர் போய்விட்டது. ஆனால் மோட்டார் சுடுகிறது, அரிதட்டில் நெல் துள்ளி வெளியே விழுகிறது, சட்டமும் அதிர்கிறது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுவதால் ஒரு மாதிரியை முடிக்க எட்டு மாதம் போகிறது. பாகங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே தொகுதியாகச் சிந்தித்தால் விரைவாகும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூன்று கோளாறுக்கும் காரணம் அந்தக் கப்பிதான். மோட்டார் நிமிடத்திற்கு 1440 சுற்று, விசிறிக் கப்பி 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். விசிறியின் வேகம் 720இலிருந்து 810 ஆகிறது, அதாவது 12.5 சதவீதம் கூடுகிறது. காற்றின் அளவும் அதே விகிதத்தில்தான் கூடும். விசிறி கேட்கும் வலுவோ வேகத்தின் மும்மடிப்படி (1.125 × 1.125 × 1.125) ஏறுவதால் ஏறத்தாழ 42 சதவீதம் கூடிவிடும். ஏற்கெனவே முழுச்சுமையில் ஓடும் 1 குதிரைவலு மோட்டார் இதைத் தாங்காது. அரிதட்டையும் அதே மோட்டார் ஆட்டினால் குலுக்கலின் விசை வேகத்தின் இருமடிப்படி (1.125 × 1.125) ஏறும். 27 சதவீதம் அளவுக்கு. நெல் துள்ளுவதும் சட்டம் அதிர்வதும் அதனால்தான்.

இனி இரும்பை வெட்டுமுன் ஒரு தாளை எடுங்கள். நெல் கொட்டும் பெட்டி, விசிறி, காற்றுவழி, அரிதட்டு, ஆட்டும் பொறி, மோட்டாரும் கப்பியும், சட்டம், சக்கரம் ஆகிய எட்டையும் இடப்பக்கம் வரிசையாகவும் மேலே நிரலாகவும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்விதான்: மேலே உள்ளதை மாற்றினால் இடப்பக்கத்தில் உள்ளதையும் மாற்ற வேண்டுமா? ஆம் என்றால் புள்ளி வையுங்கள். மொத்தம் 56 கேள்வி, ஒரு பின்னேரம் போதும். அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஸ்டுவர்ட் 1981இல் வெளியிட்ட முறை இது. புள்ளிகள் நெருங்கும் இடத்தில் விசிறி, காற்றுவழி, மோட்டார், ஆட்டும் பொறி, அரிதட்டு ஐந்தும் நிற்கும். இந்த ஐந்தையும் ஒருவர் பின் ஒருவராகச் செய்யக்கூடாது, ஒரே மேசையில் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பெட்டியும் சக்கரமும் பொருத்தும் துளைகளின் இடைவெளியை ஓர் அச்சுத்தகடு வெட்டி நிரந்தரமாக்கிவிட்டால், அவற்றை இன்னொருவர் தன்பாட்டில் செய்யலாம். நேரம் மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

அந்த ஐந்துக்கும் இடையில் நெகிழ்வு வையுங்கள். அரிதட்டுக்குத் தனிக்கப்பி கொடுங்கள். மோட்டார் தகட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை வெட்டினால் பெல்ட்டை இழுத்துக் கட்டவும் உதவும். விசிறி வாயில் நகரும் மூடி ஒன்று இருந்தால் காற்றைக் குறைக்கக் கப்பியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பிறகும் கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தை அளந்து மோட்டார்த் தகட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். களத்துமேட்டுக்கு இழுக்கும் நீள வயரும் உங்கள் மெஷினின் பாகம்தான். மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்து நல்ல மோட்டாரும் சுடும்.

எட்டு மாதத்தின் பெரும்பங்கு வேலை செய்வதில் போவதில்லை, அறுவடைக்காகக் காத்திருப்பதில் போகிறது. பெரும்போக அறுவடையில் குறை தெரியும், திருத்தியது சரியா என்று பார்க்கச் சிறுபோக அறுவடை வர வேண்டும். அதனால் சோதனை நெல்லைக் கையில் வைத்திருங்கள். 14 சதவீத ஈரத்திற்குக் காயவைத்த 46 கிலோ நெல், 3 கிலோ பதர், 1 கிலோ வைக்கோல் துண்டு கலந்தால் ஒரு தொகை. ஓட்டியபின் பதரில் போன நெல்லையும் நெல்லில் தங்கிய பதரையும் நிறுத்து எழுதி, திரும்பக் கலந்து அடுத்த சோதனைக்கு எடுக்கலாம். இப்போது வெட்டு மெஷினிலிருந்து ஈரநெல்தானே வருகிறது. அதற்கு 50 கிலோவுக்கு 3.75 லீட்டர் தண்ணீர் தெளித்துப் புரட்டி இரவு மூடிவைத்தால் ஏறத்தாழ 20 சதவீதம் வரும். அதை மறுநாளே ஓட்டிவிடுங்கள், வைத்தால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வயலில் ஒரு முறையாவது பார்க்காமல் விற்காதீர்கள்.

கேள்வி: மருதமுனையில் கைத்தறிச் சேலை செய்கிறோம். ஆறு புதிய டிசைன் ஒரே நேரத்தில் நடக்கிறது, எதுவும் முடிவதாயில்லை. ஆள் கூட்டலாமா?

பதில்: கூட்டவேண்டாம். மாதத்திற்கு ஒரு டிசைன்தான் முடிகிறது என்றால், ஆறு கையில் இருக்கும்போது ஒவ்வொன்றும் சராசரி ஆறு மாதம் எடுக்கும். இரண்டை மட்டும் வைத்திருந்தால் இரண்டு மாதம். கையிலுள்ள வேலை = முடியும் வேகம் × எடுக்கும் காலம்; 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் நிறுவிய கணக்கு இது. ஆளைக் கூட்டினால் ஒருவரோடொருவர் பேசி ஒத்துப்போக வேண்டியதும் கூடும்: மூன்று பேருக்குள் பேசும் சோடி 3, ஆறு பேருக்குள் 15.

உங்கள் நெருக்கடி பெரும்பாலும் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) கோர்ப்பதில் இருக்கும். ஒரே பாவை ஏற்றி, ஊடை (குறுக்கு) நூலின் நிறத்தையும் அடர்த்தியையும் மட்டும் மாற்றி ஒவ்வொரு முழமாக நான்கைந்து மாதிரி நெய்து கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் தெரிந்தெடுத்த பிறகு அடுத்த பாவைத் தொடுங்கள்.