தெளிந்த ஆற்றில் ஆழம் பார்ப்பது எப்படி?

கேள்வி: டெட்ராய்ட் அருகே வசிக்கிறோம். ஜூன் கடைசியில் மிச்சிகனின் ஆ சாபிள் ஆற்றில் கேனோ என்னும் துடுப்புப் படகு ஓட்டவும், செயற்கை ஈயைத் தூண்டிலில் கட்டி வீசும் ஃப்ளை ஃபிஷிங் முறையில் டிரவுட் மீன் பிடிக்கவும் ஆசை. அதற்கு முந்தைய வாரமே ஒரு நாள் போய் ஆற்றைப் பார்த்துவரப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முன்கூட்டிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆறு கிடைப்பது அரிது. அங்குள்ள மணற்பாங்கான நிலம் மழையையும் உருகிய பனியையும் உறிஞ்சி, ஊற்றாக மெல்ல மெல்ல ஆற்றுக்குத் தருகிறது. அதனால் நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்குவதில்லை. இந்த வாரம் நீங்கள் பார்த்த மடுவும் மணல்திட்டும் பெரும்பாலும் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

முதல் எச்சரிக்கை ஆழத்தைப் பற்றியது. ஒளி விலகுவதால் தெளிந்த நீரின் அடித்தளம் மேலெழும்பித் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் நான்கு அடி ஆழம் மூன்று அடியாகத் தோன்றும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். நீரின் ஆழத்தை அடியிலும், வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் கணக்கிட்டுப் பெருக்குங்கள். பத்தைத் தொட்டால் இறங்கக் கூடாது என்பது ஆற்றை அளப்பவர்களின் விதி. நொடிக்கு மூன்று அடி ஓடும் இடத்தில் கண் சொல்வதை நம்பினால் ஒன்பது, உண்மையோ பன்னிரண்டு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்? கையில் ஒரு நீண்ட கோல் கட்டாயம். வேகத்தை அறிய, ஒரு சுள்ளியை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள்.

பார்க்கும் நேரம் நண்பகல். வெயில் உச்சியிலிருந்து விழும்போதுதான் அடித்தளம் நன்றாகத் தெரியும். போலராய்டு கண்ணாடி அணிந்து ஸ்டீஃபன் பாலத்திலும் வேக்லி பாலத்திலும் நின்று பாருங்கள். கரையிலிருந்து சரிந்து விழுந்த தேவதாரு மரங்களைக் குறித்துக்கொள்வதுதான் அன்றைய முக்கிய வேலை. அவற்றின் நிழலில்தான் டிரவுட் ஒதுங்கும். ஆனால் கிளைகளுக்கிடையே தண்ணீர் புகுந்து போகும். கேனோ போகாது, நீரோட்டம் அதை மரத்தோடு அழுத்திக் கவிழ்த்துவிடும். எனவே படகிலிருந்தபடி மரத்தை நெருங்கித் தூண்டில் வீசாதீர்கள். மரத்தை எட்டும் முன்பே கரை ஒதுங்கிப் படகைக் கட்டிவிட்டு, நடந்து போய் வீசுங்கள். அப்படி ஒதுங்க இடமிருக்கிறதா என்று ஒவ்வொரு மரத்துக்கும் பார்த்துவையுங்கள்.

பர்ட்டன்ஸ் லேண்டிங்கிலிருந்து வேக்லி பாலம் வரையிலான பகுதியை 'புனித நீர்' என்பார்கள். அங்கே செயற்கை ஈ மட்டுமே அனுமதி. பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். கிரேலிங் ஊரில் வாடகைக்கு எடுத்த கேனோக்கள் பகலில் இவ்வழியே வரும். ஆகவே பகலில் துடுப்பு, மாலையில் தூண்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீரில் நின்று மீன் பிடிப்பவரைக் கண்டால் துடுப்பை நிறுத்தி, அவர் முதுகுப்புறமாகச் சத்தமின்றி நழுவிச் செல்லுங்கள். இந்த மரியாதைதான் இரு கூட்டத்தாரையும் ஒரே ஆற்றில் வாழவைக்கிறது.

நீங்கள் போகும் ஜூன் கடைசி, ஹெக்ஸ் எனப்படும் பெரிய மேஃப்ளை பூச்சி இருட்டிய பின் பறக்கும் காலம். அதைத் தின்னப் பெரிய பழுப்பு டிரவுட் அப்போதுதான் துணிந்து மேலே வரும். இந்தப் பூச்சியின் இளம்பருவம் சேற்றில் வளைதோண்டி வாழும். எனவே வண்டல் படிந்த வளைவு ஒன்றைப் பகலிலேயே தேர்ந்தெடுத்து, இறங்கும் வழியையும் ஏறும் வழியையும் நடந்து பாருங்கள். இரவில் புது இடம் தேடுவது ஆபத்து.

தெர்மாமீட்டர் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த டிரவுட், விட்டாலும் பிழைப்பது கடினம். மயோ ஊருக்குக் கீழே போகத் திட்டமிடாதீர்கள். அங்கிருந்து அணைகள் தொடங்குகின்றன, படகைத் தூக்கிச் சுமக்க நேரும்.

2016-இல் இந்த ஆற்றில் நியூசிலாந்து சேற்று நத்தை கண்டறியப்பட்டது. கடுகளவு உயிர், காலணியில் ஒட்டிக்கொண்டே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். திரும்பும் முன் காலணி, படகு, வலை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு நீரில் இறக்குங்கள்.