பிலிம் கேமரா பைத்தியத்துக்கு என்ன கிஃப்ட் வாங்கலாம்? கேட்டீங்க, சொல்றேன்

பிலிம்ல போட்டோ எடுக்கறவங்களுக்கு என்ன வாங்கித் தர்றதுன்னு குழப்பமா இருந்தா கேளுங்கன்னு சும்மா சொல்லி வச்சேன், இவ்ளோ பேர் வருவீங்கன்னு நினைக்கல. வரிசையா வர்றேன்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் மூணு மாசமா ஒரு பழைய கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டே சுத்துறாரு. பிறந்தநாளுக்கு சர்ப்ரைஸா இன்னும் நல்ல கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?

பதில்: கேமரா மட்டும் வேணாம்மா. மார்க்கெட்ல கிடைக்கிறது முக்கால்வாசி நாப்பது வருஷப் பழசு, வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்கும், பின்மூடி ஓரத்து ஃபோம் பிசுபிசுன்னு உருகி வெளிச்சம் உள்ள போகும், ஸ்லோ ஸ்பீடுல ஷட்டர் திக்கும், இதெல்லாம் ஆன்லைன்ல போட்டோவ பாத்து கண்டுபிடிக்கவே முடியாது, நானே ஒருதடவை வாங்கி இப்ப அது ஷோகேஸ்ல உக்காந்திருக்கு. பேசாம பிலிம் ரோல் வாங்குங்க. அவர் தூக்கிப் போட்ட காலி டப்பாவ குப்பையிலேர்ந்து எடுத்துப் பாருங்க, பேரும், பிலிம் வெளிச்சத்த எவ்ளோ வேகமா பிடிக்கும்னு சொல்ற 200, 400ன்னு நம்பரும் இருக்கும், அதே ரோல் அஞ்சு வாங்குங்க. கூடவே கழுவி ஸ்கேன் பண்ற காசையும் லேப்ல முன்கூட்டியே கட்டிடுங்க. ரோல் வாங்குறப்ப யாரும் யோசிக்கிறதில்ல, கழுவக் குடுக்கறப்பதான் கை நடுங்கும்.

கேள்வி: கலரா கறுப்பு வெள்ளையா ப்ரோ?

பதில்: தெரியலைன்னா கறுப்பு வெள்ளை. கோடக் ட்ரை-எக்ஸ் 400, இல்ல இல்ஃபோர்ட் எச்பி5. ரெண்டுமே வெளிச்சக் கணக்கு கொஞ்சம் தப்பிப் போனாலும் மன்னிச்சு விட்டுடும். எக்டாக்ரோம் மாதிரி ஸ்லைடு பிலிம் (நெகட்டிவ் இல்லாம நேரா நிஜக் கலர்லயே படம் வர்றது) பக்கம் போகாதீங்க, விலையும் ஜாஸ்தி, அதுக்குன்னே இருக்கற ஈ-6ங்கற முறையில கழுவுற லேப் தேடி அலையணும்.

கேள்வி: பட்ஜெட் 500 ரூபா, ரூம்மேட்டுக்கு. திட்டாதீங்க.

பதில்: எதுக்குத் திட்டணும்? நெகட்டிவ் வைக்கிற ஸ்லீவ் (உறை) ஒரு கட்டு, கூட ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல். நெகட்டிவ்வ சுருட்டி கவர்ல திணிச்சு வைக்கிறவன்தான் நம்மாளுங்கள்ல பாதிப் பேரு.

கேள்வி: சார், அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். சின்ன வயசுல அக்ஃபா கிளிக் 3 கேமரா வச்சிருந்தாரு, இன்னும் பீரோல இருக்கு. அத மறுபடி ஓட வைக்க முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இவ்ளோ நேரம் உக்காந்திருந்தது வீண் போகல. முடியும். அதுக்கு 120ங்கற அகலமான ரோல், சதுரமா 12 படம் வரும், இல்ஃபோர்ட் எஃப்பி4 போதும். ஷட்டருக்கு ஒரே ஸ்பீடுதான், அதனால நல்ல வெயில்ல மட்டும் எடுக்கச் சொல்லுங்க. முக்கியமான விஷயம், இந்த வகை ரோல் ஒரு கட்டையிலேர்ந்து இன்னொரு காலிக் கட்டைக்குத்தான் சுத்தும், கேமராக்குள்ள அந்தக் காலிக் கட்டை இருக்கான்னு இப்பவே திறந்து பாருங்க, இல்லாட்டி விசேஷத்தன்னிக்கு ரோல கையில வச்சுக்கிட்டு முழிக்கணும். பின்னாடி சிவப்புக் கண்ணாடி ஜன்னல்ல நம்பர் பாத்து சுத்துறது அப்பாவுக்கு மறந்திருக்காது. இன்னொண்ணு, அதே பீரோல பழைய நெகட்டிவ்வும் கட்டாயம் கிடக்கும். அப்ப நம்ம ஊட்டி எச்பிஎஃப் (ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) கம்பெனியோட 'இந்து' (INDU) பிலிம்தான் ஊர் பூரா ஓடுச்சு, இப்ப அது மூடியாச்சு. அந்த நெகட்டிவ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பெருசா நாலு பிரிண்ட் போட்டுக் குடுங்க. புது ரோல விட அதுக்குத்தான் கண்ணு கலங்குவாரு.

கேள்வி: மச்சான் வீட்டுலயே கழுவப் போறானாம், என்ன வாங்கித் தர?

பதில்: பிலிம கழுவுற டேங்க், வெளிச்சம் படாம பிலிம அதுக்குள்ள மாத்த சேஞ்சிங் பேக்ங்கற கறுப்புப் பை, தெர்மாமீட்டர். இந்த மூணு போதும், கெமிக்கல அவனே பாத்துக்கட்டும், ஆளுக்கொரு ருசி. தெர்மாமீட்டர அலட்சியமா நினைக்காதீங்க, கறுப்பு வெள்ளை டெவலப்பர் (படத்த வெளிய கொண்டு வர்ற கெமிக்கல்) பெரும்பாலும் 20 டிகிரி கணக்கு, சென்னைல மே மாசம் குழாயத் திறந்தா 30க்கு மேல வரும், ஐஸ் கட்டி போட்டு இறக்கணும்.

கேள்வி: சினிமா பிலிம சுத்தி ரோலா விக்கிறாங்களே, சீப்பா இருக்கு?

பதில்: அதுல சிலதுக்கு முதுகுல ரெம்ஜெட்னு கறுப்புப் பூச்சு இருக்கும், சாதாரண கலர் மெஷின்ல போட்டா மெஷினே நாறிடும். நீங்க கிஃப்ட் குடுக்கறவங்க கழுவக் குடுக்கற லேப்ல அத எடுத்துப்பாங்களான்னு கேட்டுட்டு வாங்குங்க.

கேள்வி: எடுத்த உடனே படம் வெளிய வர்ற இன்ஸ்டாக்ஸ் கேமரா குடுத்தா கோச்சுப்பாங்களா?

பதில்: முகத்துக்கு நேரா கோச்சுக்க மாட்டாங்க. ஏற்கனவே வச்சிருந்தா அதுக்கு பிலிம் பாக்கெட் வாங்குங்க, மினியா ஸ்கொயரா வைடான்னு பாத்துட்டு, ஒண்ணு இன்னொண்ணுல போகாது.

கேள்வி: சிங்கப்பூர்லேர்ந்து வர்றேன் அண்ணா, தம்பிக்கு பத்து ரோல் எடுத்துட்டு வரலாமா?

பதில்: தாராளமா. ஆனா செக்-இன் பெட்டில போடவே போடாதீங்க, அதுக்கான எக்ஸ்-ரே ஸ்கேனர் பிலிம புகை படிஞ்ச மாதிரி ஆக்கிடும். கைப்பையில வச்சு, கையால செக் பண்ணச் சொல்லிக் கேளுங்க, கைப்பைக்கு வச்சிருக்கற புது சி.டி. (CT) எக்ஸ்-ரே ஸ்கேனரும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல, காத்துப் போகாத டப்பால. டப்பா மேல பெருசா எழுதி ஒட்டுங்க. எங்கம்மா ஏதோ காலாவதியான மருந்துன்னு ரெண்டு ரோல தூக்கிப் போட்டுட்டாங்க.