பாதியில் நிற்கும் வசனம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஐம்பது வயது. பள்ளி ஆசிரியை. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கு மூன்றும் என் பொறுப்பு. வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அதுதான் சாந்தகுணம் என்று சொல்லி வளர்த்தார்கள். இப்போது இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, எல்லார்மேலும் எரிச்சல். ‘இளைப்பாறுதல் தருவேன்’ என்ற வசனத்தைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என் விசுவாசத்தில் குறையா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

விசுவாசத்தில் குறை இல்லை. அந்த வசனத்தை நம் சபைகள் பாதியில் நிறுத்திவிடுகின்றன. ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்’ என்று இயேசு அழைக்கும் மத்தேயு 11:28 காலண்டரில் தொங்குகிறது. அடுத்த இரண்டு வசனங்கள் தொங்குவதில்லை. ‘என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்’ என்ற பிறகுதான் ‘உங்கள் ஆத்துமாக்களுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்’ என்று இயேசு சொல்கிறார்.

களைத்து வந்தவர் தோளில் இன்னொரு நுகமா என்று கேட்கத் தோன்றும். 30-ஆம் வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பு ‘என் நுகம் மெதுவாயும்’ என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘என் நுகம் அழுத்தாது’ என்கிறது. மூலத்தில் உள்ள ‘கிறேஸ்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நல்லது, இதமானது, பயன்பாட்டுக்கு உகந்தது என்று பொருள். உழவு மாடு வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு ‘அழுத்தாது’ என்பது சட்டென்று விளங்கும். நுகத்தடி கழுத்தில் சரியாக உட்காராவிட்டால் பாரம் ஒரே இடத்தில் அழுந்தி, தோல் உரிந்து புண்ணாகும். புண்பட்ட மாடு வெறும் வண்டியை இழுக்கவும் மிரளும். உங்கள் எரிச்சலை நான் அந்தப் புண்ணாகவே பார்க்கிறேன். பாவக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

சாந்தம் என்பது எதற்கும் ‘சரி’ சொல்வது அல்ல. ‘பூமியிலுள்ள சகல மனிதரிலும்’ மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 சொல்லும் மோசேதான் எகிப்தின் அரசன் பார்வோன் முன் போய் நின்றவர். மத்தேயு 21:5-இல் சாந்தகுணமுள்ளவராய்க் கழுதைமேல் வரும் இயேசு, 12-ஆம் வசனத்தில் தேவாலயத்தில் காசு மாற்றும் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார். யோவான் 18:23-இல் சேவகன் அறைந்ததும் ‘என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று கேட்கிறார். திருப்பி அடிக்கவில்லை, வாயடைத்து நிற்கவுமில்லை. (வீட்டில் அடி வாங்கும் பெண்களிடம் சாந்தத்தைப் போதிப்பவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.)

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது மாற்கு 1:35–38. முந்தின மாலை கப்பர்நகூம் ஊர் முழுவதும் இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடியிருந்தது. விடியுமுன் அவர் தனியே போய் ஜெபிக்கிறார். சீடர் சீமோன் தேடிக்கொண்டு வந்து ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்கிறார். இயேசு திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களில் பிரசங்கிக்க வேண்டும், ‘இதற்காகவே புறப்பட்டுவந்தேன்’ என்கிறார். எதற்காக வந்தோம் என்பது தெளிவாக இருந்ததால் மறுப்பு ஒரே வரியில் முடிந்தது, கோபமும் கலக்கவில்லை. நமக்கு அது தெளிவில்லாதபோதுதான் மறுக்க அரைமணி நேரம் சாக்குச் சொல்கிறோம், பிறகு குற்ற உணர்வில் ஒத்துக்கொள்கிறோம்.

இனி செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் ஒரு வாரம் நீங்கள் செய்யும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்திலேயே மூன்று கேள்விகள்: இதை என்னிடம் ஒப்படைத்தது யார்? நான் விட்டால் யாருக்கு என்ன நேரும்? இதைச் செய்யும்போது எனக்கு ஜெபிக்க முடிகிறதா? மூன்றாவது கேள்விக்குத் தொடர்ந்து ‘இல்லை’ என்று வரும் வேலையைக் குறித்துவையுங்கள். அநேகமாக அது சங்கக் கணக்காக இருக்கும், ஏனென்றால் வேறு யாரும் ஏற்க மறுத்து உங்களிடம் வந்து நின்றிருக்கும். முதலில் அதை மட்டும் விடுங்கள். மூன்று சபைப் பொறுப்புகளையும் ஒரே ஞாயிறில் உதறினால் சபை கலங்கும், நீங்களும் பதறிப்போய் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள். தலைவியிடம், ‘இந்த மாதக் கடைசிவரை பார்க்கிறேன், அதற்குள் ஒருவரைச் சொல்லுங்கள், ரசீதுகளைக் காட்டிக் கொடுக்கிறேன்’ என்றால் போதும். காரணத்தை விளக்கவேண்டாம். விளக்கினால் அதற்கு ஒரு தீர்வோடு வருவார்கள்.

கிடைத்த நேரத்தை உடனே வேறொன்றால் நிரப்பத் தோன்றும். பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். ஒரு மாதமாவது அந்த மாலையைக் காலியாக விடுங்கள்.

தூக்கத்துக்கு மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில் உடம்பின் மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான்.

மாமியாரை விடச் சொல்லமாட்டேன். நீங்கள் விடவும் மாட்டீர்கள். ஆனால் கலாத்தியர் 6:2 ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்கிறது. உங்கள் கணவரிடமும் அவருடைய கூடப்பிறந்தவர்களிடமும் வாரத்தில் இரண்டு இரவுகள் கேளுங்கள். எந்த இரவுகள் என்று கிழமையைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக ‘கொஞ்சம் உதவுங்கள்’ என்றால் ஆளாளுக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்புடன்.