வாசகர் கேள்வி: அம்மோனியம் குளோரைடு ஏன் முந்த வேண்டும்?

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவி. உப்பில் உள்ள உலோக அயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கண்டறியும் உப்புப் பகுப்பாய்வில் மூன்றாம் தொகுதிக்கு முதலில் அம்மோனியம் குளோரைடையும் அதன் பின்னரே அம்மோனியம் ஹைட்ராக்சைடையும் சேர்க்கச் சொல்கிறார்கள். செய்முறை ஏட்டில் அப்படியே எழுதிவிட்டேன். குளோரைடை விட்டுவிட்டால் என்ன ஆகும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விட்டுவிட்டால், உப்பில் மெக்னீசியம் மட்டுமே இருந்தாலும் மூன்றாம் தொகுதியிலேயே வெள்ளை வீழ்படிவு (கரையாமல் படியும் திடப்பொருள்) தோன்றும், நீங்கள் அதை அலுமினியம் என்று எழுதிவிடக்கூடும். இந்தக் குழப்பத்தைத் தடுப்பதே அம்மோனியம் குளோரைடின் வேலை.

அம்மோனியம் ஹைட்ராக்சைடு வீரியம் குறைந்த காரம். அதன் 0.1 மோலார் கரைசலில் ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவு ஏறத்தாழ 0.0013 மோலார்தான். ஆனாலும் 0.1 மோலார் மெக்னீசியத்தை வீழ்படிவாக்க அதுவே போதும். ஏனெனில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் சுமார் 10⁻¹¹ (கரைசலில் உள்ள அயனிகளின் செறிவுகளைப் பெருக்கி வரும் அயனிப் பெருக்கம் இந்த எல்லையைத் தாண்டினால்தான் வீழ்படிவு உண்டாகும்). அதே கரைசலில் 1 மோலார் அளவுக்கு அம்மோனியம் குளோரைடு இருந்தால், இரண்டுக்கும் பொது அயனியான அம்மோனியம், காரத்தின் அயனியாதலை (அயனிகளாகப் பிரிவதை) அடக்கிவிடுவதால், ஹைட்ராக்சைடு அயனியின் செறிவு 0.0000018 மோலாராக, அதாவது ஏறக்குறைய எழுநூறில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. அப்போது அயனிப் பெருக்கம் 10⁻¹²-ஐக்கூட எட்டாது. மெக்னீசியம் கரைசலிலேயே தங்கிவிடும். ஆனால் கரைதிறன் பெருக்கம் 10⁻³³ அளவில் உள்ள அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கும், அதைவிடவும் மிகக் குறைந்த ஃபெரிக் ஹைட்ராக்சைடுக்கும் இந்தச் சொற்பச் செறிவே தாராளம் என்பதால், முன்னது வெண்ணிறக் கூழாகவும் பின்னது செம்பழுப்பு நிறத்திலும் படிந்துவிடும். குளோரைடைக் கஞ்சத்தனமாகச் சேர்க்காமல் தாராளமாகச் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாம் தொகுதியிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. அங்கே செலுத்தும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் அயனியாதலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடக்குவதால் தாமிரம், காரீயம் போன்றவை மட்டும் சல்ஃபைடுகளாகப் படிகின்றன. துத்தநாகம் நான்காம் தொகுதியின் காரச் சூழலுக்காகக் காத்திருக்கிறது. எனவே, தொகுதிகளின் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படியிலும் எந்த அயனியின் செறிவைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

மூன்றாம் தொகுதிக்குப் போகுமுன் கரைசலைக் கொதிக்கவைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை முற்றிலும் வெளியேற்றுவது அவசியம். லெட் அசிடேட் தோய்த்த தாளை ஆவியில் காட்டும்போது அது கறுக்காவிட்டால் வாயு நீங்கிவிட்டது என்று கொள்ளலாம். வாயு மிஞ்சியிருந்தால், காரம் சேர்ந்தவுடன் நான்காம் தொகுதி சல்ஃபைடுகள் முன்கூட்டியே படிந்துவிடும். அதன்பின் சில துளி அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைப்பது, ஃபெரஸ் அயனியை ஃபெரிக் அயனியாக மாற்றுவதற்காக; ஃபெரஸ் ஹைட்ராக்சைடு அவ்வளவு முழுமையாகப் படியாது.

கேள்வி: காரீயம் மட்டும் ஏன் முதல் தொகுதியிலும் இரண்டாம் தொகுதியிலும் வருகிறது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: லெட் குளோரைடு குளிர்ந்த நீரிலும் ஓரளவு கரையும், 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி லிட்டர் நீரில் சுமார் 1 கிராம். ஆகவே முதல் தொகுதியில் குளோரைடாகப் படிந்தது போக எஞ்சியது வடிநீரோடு இறங்கி, இரண்டாம் தொகுதியில் கருப்பு லெட் சல்ஃபைடாக வெளிப்படுகிறது. கரைசல் மிக நீர்த்திருந்தால் முதல் தொகுதியில் எதுவுமே தெரியாமல் போகலாம். முதல் தொகுதியில் கிடைத்த வெள்ளை வீழ்படிவை நீரில் கொதிக்கவைத்தால் கரைந்துவிடும். அந்தக் கரைசலில் சிறிது பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு வரும்; அதைச் சூடாக்கிக் கரைத்து, குழாயை அசைக்காமல் ஆறவிட்டால், தகதகக்கும் பொன்னிறச் செதில்களாகப் படிகமாகும். மீதிக் கரைசலில் பொட்டாசியம் குரோமேட் சேர்க்கும்போதும் மஞ்சள் வீழ்படிவு கிடைத்தால் காரீயம் என்று உறுதியாக எழுதலாம்.